ஈரக் கையும் மின்சாரமும்



"ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே" என்ற சொல்லைக் கேட்காமல் வளர்ந்தவள் நம்மில் ஒருத்தியும் இருக்கமாட்டாள். அப்படி வளர்ந்த என்னை, சென்ற கோடை விடுமுறையில், தண்ணீர் நிறைந்த இரண்டு தட்டுகளில் இரு கைகளையும் வைக்கச் சொல்லி, அந்தத் தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்தினார்கள். செலுத்தியவர் மருத்துவமனையில் பணிபுரியும் ஓர் அக்கா. கைபிடித்து அழைத்துச் சென்றவரோ என் சொந்த அப்பா!

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நினைவு தெரிந்த நாள்முதல் உள்ளங்கைகள் வியர்க்கும். மார்கழிக் குளிரிலும் வியர்க்கும். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் அளவுக்கு வியர்க்கும். தையல் வகுப்பில் என் ஊசி மட்டும் துருப்பிடித்துக் கறுத்துவிடும். தேர்வு எழுதும்போது கைக்குட்டையை நான்காக மடித்துக் கைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுவேன். அப்படியும் மை பரவி, எழுத்துகள் பூத்துப்போகும். ஒன்பதாம் வகுப்பில் திருத்தி வந்த ஒரு விடைத்தாளில் "தூய்மை இல்லை" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆண்டு விழாவுக்காகக் கைகோத்து வட்டமிட்டு ஆடும் நடனத்தைப் பழகிய நாளில், பக்கத்தில் நின்ற தோழி என் கையை விட்டுவிட்டுத் தன் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் அன்றிரவுதான் நான் அம்மாவிடம் வாய்விட்டு அழுதேன்.

தோல் நோய்ப் பிரிவில் இருந்த டாக்டரம்மா என் கையைத் தம் கையில் எடுத்துப் பார்த்தார், துடைத்துக்கொள்ளவில்லை. இதற்கு ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்று பெயர் என்றும், இது பயந்த சுபாவத்தால் வருவது அன்று என்றும், வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டும் நரம்புகள் தேவைக்கு மேல் வேலை செய்வதால் வருவது என்றும் கூறினார். முதலில் அலுமினியம் குளோரைடு கலந்த மருந்தைப் பூசிப் பார்த்தோம், எரிச்சல் தாங்கவில்லை. அடுத்து என்ன என்று கேட்டோம். "ஊசியா டாக்டர்?" என்று நான் நடுங்கினேன். "ஊசி இல்லை. தண்ணீரும் கரண்டும்தான்" என்றார். அம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்கள்.

அந்தச் சிகிச்சைக்கு அயன்டோபோரசிஸ் என்று பெயர். அயனியைச் சுமந்து செல்லுதல் என்பது அதன் பொருள். ஈரக் கையில் மின்சாரம் பாய்ந்தும் எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று அறிய விரும்பிப் படிக்கத் தொடங்கினேன். பத்தாம் வகுப்பு வேதியியல் நூலில் "எங்கே பயன்படப் போகிறது" என்று நாம் முணுமுணுக்கும் மின்பகுப்புப் பாடமே இதற்கெல்லாம் அடிப்படை என்று தெரிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

கொல்லும் மின்சாரமும் குணமாக்கும் மின்சாரமும்

நம் வீட்டுச் சுவரில் உள்ள மின்சாரம் 230 வோல்ட் அழுத்தம் உடையது. அது ஒரே திசையில் ஓடுவதில்லை. நொடிக்கு 50 சுற்று வீதம் முன்னும் பின்னுமாகத் திசை மாறிக்கொண்டே இருக்கிறது. இந்த மாறுதிசை மின்னோட்டம் உடலில் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டும்போதே தசைகள் இறுகிப் பிடித்துக்கொள்ளக்கூடும். தொட்டவர் கையை எடுக்க முடியாமல் ஒட்டிக்கொள்வது இதனால்தான். 50 முதல் 100 மில்லி ஆம்பியர் வரை மார்பின் வழியே பாய்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும். ஈரக் கை ஆபத்தாவது ஏனென்றால், உலர்ந்த தோல் மின்சாரத்தை மிகவும் தடுக்கும். நனைந்த தோல் அவ்வளவாகத் தடுக்காது.

சிகிச்சைக்குப் பயன்படுவது நேர்திசை மின்னோட்டம். அது ஒரே திசையில், ஒரே சீராக ஓடுகிறது. சீராக ஓடும் மின்னோட்டம் தசையை உலுக்குவதில்லை. தொடங்கும் நொடியிலும் நிற்கும் நொடியிலும்தான் உலுக்கும். ஆகவே சிகிச்சைக் கருவி சுழியில் தொடங்கிச் சிறிது சிறிதாக மின்னோட்டத்தை ஏற்றி, முடியும்போது சிறிது சிறிதாக இறக்குகிறது. கைகளுக்கு 15 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை கொடுப்பார்கள். மருந்தைத் தோலின் வழியே செலுத்துவதானால் இன்னும் குறைவு. பெரும்பாலும் 4 மில்லி ஆம்பியருக்கு மேல் போவதில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் வாளித் தண்ணீரும் கம்பியுமாகச் சோதனை செய்ய வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சுவரில் உள்ள பிளக்குக்கும் நோயாளிக்கும் நடுவே எத்தனையோ பாதுகாப்புகளை அமைத்துத்தான் அந்தக் கருவியைச் செய்திருக்கிறார்கள்.

தோல் என்னும் மதில்

மருந்து உடலுக்குள் செல்லப் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வாய், மற்றொன்று ஊசி. வாய் வழியாகச் செல்லும் மருந்தைச் சில சமயம் இரைப்பையும் கல்லீரலும் சிதைத்துவிடுகின்றன. ஊசியோ வலிக்கும். உடல் முழுவதையும் போர்த்தியிருக்கும் தோலின் வழியாகவே மருந்தைச் செலுத்திவிட்டால் என்ன?

அது அவ்வளவு எளிதன்று. தோலின் மிகமேல் படலத்தில் உயிர் இல்லை. இறந்துபோன செல்கள், ஓடு வேய்ந்த கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, இடையிடையே கொழுப்புப் பூசப்பட்டிருக்கின்றன. உடலின் பெரும்பகுதியில் இப்படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். இந்த மெல்லிய கூரைதான் மழையில் நனைந்தாலும் நாம் ஊறிப்போகாமலும், வெயிலில் நின்றாலும் வற்றிப்போகாமலும் காக்கிறது. இறைவன் எத்துணை நேர்த்தியாக நமக்கு ஆடை நெய்து தந்திருக்கிறார் பாருங்கள்! அந்த ஆடை தீயதைத் தடுப்பது போலவே மருந்தையும் தடுத்துவிடுகிறது. கொழுப்பில் கரையும் சில சின்னஞ்சிறு மூலக்கூறுகள் தாமாகவே கசிந்து உள்ளே போகும். நீரில் கரைந்து மின்னூட்டம் பெற்ற அயனிகளோ வாசலிலேயே நின்றுவிடும்.

மின்சாரம் பிடித்துத் தள்ளுவது இந்த அயனிகளைத்தான்.

அயனி என்ற பெயரை 1834ஆம் ஆண்டில் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் மைக்கேல் பாரடே. 'செல்வது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது. நேர்மின்னூட்டம் உடையது எதிர்மின்வாயை நோக்கிச் செல்லும். எதிர்மின்னூட்டம் உடையது நேர்மின்வாயை நோக்கிச் செல்லும். இதை நம் ஆய்வகத்தில் சிஸ்டர் செய்து காட்டியது நினைவிருக்கிறதா? உப்புக் கரைசலில் நனைத்த வடிதாளை ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் விரித்து, நடுவில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுப் படிகம் ஒன்றை வைத்து, இரு முனைகளிலும் மின்கல அடுக்கை இணைத்தார்கள். ஊதா நிறம் சிறிது நேரத்தில் வால்நட்சத்திரம் போல் நேர்மின்வாயின் பக்கம் நீண்டது. கம்பிகளை மாற்றி இணைத்ததும் வால் எதிர்ப்பக்கம் திரும்பியது. அன்று நாம் வண்ணத்தைப் பார்த்து மகிழ்ந்ததோடு சரி. வடிதாளுக்குப் பதிலாகத் தோலையும், பெர்மாங்கனேட்டுக்குப் பதிலாக மருந்தையும் வைத்தால் அதுவே அயன்டோபோரசிஸ்!

மருந்து நேர்மின்னூட்டம் உடையதானால் அதை நேர்மின்வாயின் அடியில் வைக்க வேண்டும். ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்பதால் மின்வாய் அதைத் தோலுக்குள் தள்ளிவிடும். எதிர்மின்னூட்டம் உடைய மருந்தானால் எதிர்மின்வாயின் அடியில் வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் மருந்து உள்ளே போகாமல் மின்வாயிலேயே ஒட்டி நிற்கும். மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் நேர்மின்வாயில் வைக்கப்படுவது. மூட்டிலும் தசைநாரிலும் ஏற்படும் வீக்கத்திற்குரிய டெக்சாமெதசோன் பாஸ்பேட் எதிர்மின்வாயில் வைக்கப்படுவது.

முயல்களின் சாட்சி

மருந்து உண்மையிலேயே மின்சாரத்தால்தான் உள்ளே போகிறது என்று எப்படித் தெரியும்? பிரான்சு நாட்டில் நாந்து நகரத்தில் வாழ்ந்த ஸ்டெபான் லெதுக் என்ற மருத்துவ அறிஞர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை மறுக்க முடியாதபடி மெய்ப்பித்தார். அவர் எடுத்துக்கொண்டவை இரண்டு முயல்கள்.

இரு முயல்களையும் ஒரே மின்சுற்றில் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தார். முதல் முயலின் உடலில் மின்னோட்டம் நுழையும் நேர்மின்வாயை ஸ்டிரிக்னின் சல்பேட்டுக் கரைசலில் நனைத்தார். ஸ்டிரிக்னின் என்பது எட்டிக் கொட்டையில் உள்ள நஞ்சு. அது நேர்மின்னூட்டம் உடையது. அம்முயலிலிருந்து மின்னோட்டம் வெளியேறி, வெறும் நீரில் நனைத்த மின்வாய்களின் வழியே இரண்டாம் முயலுக்குச் சென்றது. இரண்டாம் முயலிலிருந்து வெளியேறும் எதிர்மின்வாயில் பொட்டாசியம் சயனைடு இருந்தது. சயனைடு அயனி எதிர்மின்னூட்டம் உடையது. மின்னோட்டத்தைச் செலுத்தியதும் முதல் முயல் ஸ்டிரிக்னினுக்கே உரிய வலிப்புக் கண்டு இறந்தது. இரண்டாவது சயனைடு நஞ்சால் இறந்தது. ஊசி இல்லை, காயம் இல்லை, வாய்வழியாக ஒரு துளியும் புகட்டவில்லை.

பின்னர் வேறு இரு முயல்களை எடுத்துக்கொண்டு, அதே நஞ்சுகளை வைத்து, மின்னோட்டத்தின் திசையை மட்டும் மாற்றினார். முயல்களுக்கு ஒன்றும் நேரவில்லை! நஞ்சு தோலின்மேல் நனைந்து கிடந்தும் உள்ளே புகவில்லை. அப்படியானால் முதல் சோதனையில் அதை உள்ளே கொண்டுபோனது மின்சாரமே அன்றி வேறு என்ன? இறந்த முயல்களை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆயினும் இதைவிடத் தெளிவான ஒரு சோதனையை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. லெதுக் தம் ஆராய்ச்சிகளை 1908ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்டார்.

எவ்வளவு மருந்து உள்ளே போகும் என்பதற்குக் கணக்கும் உண்டு. மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்க வேண்டும். 4 மில்லி ஆம்பியரைப் 10 நிமிடம் செலுத்தினால் 40 மில்லி ஆம்பியர்-நிமிடம். அதே அளவை 2 மில்லி ஆம்பியரில் 20 நிமிடம் செலுத்தியும் பெறலாம்; எரிச்சல் தாங்காதவர்களுக்கு இப்படித்தான் செய்கிறார்கள். மின்னோட்டம் தோலின் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் நுழைவதில்லை. வியர்வைக் குழாய்களும் மயிர்க்கால்களும்தான் அதற்குப் பெரிய வாயில்கள்.

முத்தத்தில் உப்புக் கரித்த குழந்தை

இச்சிகிச்சையின் வரலாற்றில் என் மனத்தை மிகவும் தொட்ட பகுதி இது. நெற்றியில் முத்தமிடும்போது உப்புக் கரிக்கும் குழந்தை நெடுநாள் வாழாது என்ற நம்பிக்கை ஐரோப்பிய நாட்டுப்புறங்களில் முற்காலத்தில் இருந்தது. அது வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடக்கூடியது அன்று. சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்ற ஒரு பிறவி நோய் உண்டு. அந்நோய் உள்ள குழந்தைகளுக்கு நுரையீரலில் பிசின் போன்ற சளி அடைத்துக்கொள்ளும். உண்ட உணவும் சரிவரச் செரிக்காது. 1938ஆம் ஆண்டில் இதைத் தனி நோயாகப் பிரித்தறிந்து விளக்கியவர் டாரத்தி ஆண்டர்சன் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர். (பெண் மருத்துவர் என்பதை நம் பள்ளி இதழில் அழுத்திச் சொல்வதில் தவறில்லையே!)

1948ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க்கு நகரத்தை அனல் வாட்டியபோது, வெப்பம் தாங்காமல் மயங்கி மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் இந்நோய் உள்ளவர்கள் அதிகமாக இருந்தனர். ஏன் என்று ஆராய்ந்த பால் டி சான்ட் அக்னீஸ் என்ற மருத்துவர், அக்குழந்தைகளின் வியர்வையில் உப்பு மிகுந்திருப்பதை 1953ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆகவே வியர்வையைச் சோதித்தால் நோயை அறிந்துவிடலாம். ஆனால் சின்னஞ்சிறு குழந்தையிடமிருந்து வியர்வையை எப்படிப் பெறுவது? குழந்தையைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துப் போர்வைகளால் மூடி வியர்க்க வைத்தார்கள். உப்பை இழந்தால் மயங்கிவிழும் குழந்தையையே வெப்பத்தில் புழுங்க வைப்பது எவ்வளவு ஆபத்து!

இதற்கு விடை 1959ஆம் ஆண்டில் கிடைத்தது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் கிப்சன், குக் என்ற இருவர் அயன்டோபோரசிசைப் பயன்படுத்தினார்கள். தென்னமெரிக்காவில் வளரும் ஒரு செடியின் இலையிலிருந்து பைலோகார்பின் என்ற மருந்து கிடைக்கிறது. வியர்வைச் சுரப்பியைத் தூண்டும் ஆற்றல் அதற்கு உண்டு. அது நேர்மின்னூட்டம் உடையது. குழந்தையின் முன்கையில் ஓர் இடத்தில் நேர்மின்வாயின் அடியில் அதை வைத்து, 5 நிமிடம் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினால் போதும். உடல் முழுவதும் குளிர்ந்திருக்க, அந்த ஓரிடம் மட்டும் வியர்க்கும்! அரை மணி நேரம் அந்த வியர்வையைச் சேகரித்து அதிலுள்ள குளோரைடை அளக்கிறார்கள். லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் இருக்கிறது என்று பொருள். 30க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் இல்லை. மரபணுச் சோதனைகள் வந்துவிட்ட இக்காலத்திலும் உலகமெங்கும் மருத்துவர்கள் நம்பும் சோதனையாக இது இருக்கிறது. இந்தியக் குழந்தைகளுக்கு இந்நோய் வராது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அது பிழை என்று பின்னர் தெரிந்தது.

என் கைகள்

அங்கே வியர்வையை வரவழைத்த அதே மின்சாரம் என் கையில் வியர்வையை நிறுத்த வேண்டியிருந்தது! இதில் இன்னொரு விந்தை, எனக்கு மருந்து எதுவும் வைக்கவில்லை. வெறும் குழாய்த் தண்ணீர்தான்.

மோதிரத்தையும் வளையல்களையும் கழற்றச் சொன்னார் அந்த அக்கா. உலோகத்தின் ஓரத்தில் மின்னோட்டம் குவிந்து சுட்டுவிடும் என்பது காரணம். விரலில் இருந்த சிறு கீறலின்மேல் வாசலின் பூசினார். கீறிய இடத்தில் தடை குறைவு. எல்லா மின்னோட்டமும் அங்கேயே பாய்ந்து எரியும். பிறகு இரு தட்டுகளிலும் உள்ளங்கை மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர். "கையைத் திடீர்னு வெளியே எடுத்துடாதம்மா, சுருக்குன்னு அடிக்கும்" என்று எச்சரித்தார். நான் அசையவே இல்லை. முதலில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பிறகு நூறு குண்டூசிகள் மெல்லத் தொடுவதுபோல். தண்ணீரின் விளிம்பு மணிக்கட்டைத் தொடும் இடத்தில்தான் அரிப்பு அதிகம். 20 நிமிடங்கள் ஆயின. பாதி நேரம் கழிந்ததும் மின்னோட்டத்தை இறக்கி, நேர்மின்வாயையும் எதிர்மின்வாயையும் மாற்றி, மறுபடி ஏற்றினார். நேர்மின்வாயில் இருக்கும் கை விரைவாக உலர்கிறது என்பதால், இரு கைகளுக்கும் அந்தப் பேறு கிடைக்க வேண்டுமல்லவா?

தண்ணீர் எப்படி வியர்வையை நிறுத்துகிறது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒரே கருத்து இல்லை. மின்பகுப்பில் நேர்மின்வாயின் அருகே அமிலத்தன்மை உண்டாகிறது என்று நாம் படித்திருக்கிறோம். அந்த ஹைட்ரஜன் அயனிகள் வியர்வைக் குழாய்க்குள் சென்று சுரப்பியின் வேலையைத் தடை செய்கின்றன என்பது ஒரு விளக்கம். குழாயின் வாய் தற்காலிகமாக அடைபடுகிறது என்பது மற்றொன்று. நீரில் அயனிகள் இருக்கவேண்டும் என்பது மட்டும் உறுதி. உப்பே இல்லாத மென்னீர் கிடைக்கும் ஊர்களில் சிறிது சோடா உப்பைக் கலந்துகொள்கிறார்கள். எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீருக்கு அந்தத் தேவையே இல்லை. அதன் உப்பைத் திட்டாத நாளில்லை எங்கள் வீட்டில். அன்று முதல்முறையாக அது உதவிற்று.

வாரத்தில் மூன்று நாள் சென்றோம். முதல் வாரம் ஒன்றுமே மாறவில்லை. இரண்டாம் வாரமும் அப்படியே. அப்பா அலுவலகத்தில் அனுமதி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். நானும் போதும் என்றேன். அம்மாதான் விடவில்லை. எட்டாவது தடவைக்குப் பிறகு ஒருநாள் காலையில் செய்தித்தாளைப் புரட்டினேன். தாள் விரலில் ஒட்டவில்லை. பத்தாவது தடவையோடு கைகள் ஏறக்குறைய உலர்ந்துவிட்டன. இது நிலையான குணம் அன்று. விட்டுவிட்டால் சில வாரங்களில் வியர்வை திரும்பும். ஆகவே மூன்று வாரத்திற்கு ஒருமுறை இப்போதும் போய்வருகிறேன். கர்ப்பிணிப் பெண்களுக்கும், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும், மின்னோட்டம் செல்லும் வழியில் உலோகத் தகடு பொருத்தப்பட்டவர்களுக்கும் இதைச் செய்வதில்லை.

பாட்டியின் கேள்வி

நான் உற்சாகமாக இதையெல்லாம் வீட்டில் விளக்கியபோது எங்கள் பாட்டி ஒரு கேள்வி கேட்டார்கள். அவர்களுக்கு நீரிழிவு நோய். பல ஆண்டுகளாக நாள்தோறும் இன்சுலின் ஊசி. "ஏன்டி கண்ணு, எனக்கும் இப்படிக் கரண்டு வச்சு இன்சுலினைத் தள்ளிவிடலாமே, தினமும் குத்திக்க வேண்டாமே?" என்றார்கள். எனக்கு விடை தெரியவில்லை. தேடிப் படித்தேன்.

முடியாது என்பதுதான் விடை. பைலோகார்பினின் மூலக்கூறு எடை 208. லிடோகெய்னின் எடை 234. இன்சுலினுடையதோ ஏறத்தாழ 5,800! அதுவும் தனித்து நிற்காமல் ஆறு ஆறாகக் கூடி நிற்கும் இயல்புடையது. ஊசியின் காதில் ஒட்டகம் நுழைவதை நற்செய்தியில் படித்திருக்கிறோமே, அந்தக் கதைதான். மின்னோட்டத்தைக் கூட்டினால் போகாதா என்றால், மருந்து போவதற்கு முன்னே தோல் வெந்துவிடும். பொதுவாக ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு அரை மில்லி ஆம்பியருக்கு மேல் செலுத்தக்கூடாது என்பது வரையறை.

தோல் வெந்துபோன நிகழ்ச்சிகளும் உண்டு. ஒற்றைத் தலைவலிக்குரிய சுமாட்ரிப்டன் மருந்தை மின்கலத்தோடு சேர்த்துக் கையில் ஒட்டிக்கொள்ளும் பட்டையாகச் செய்து, 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றார்கள். தலைவலியோடு வாந்தியும் வருபவர்களுக்கு மாத்திரை தங்காது என்பதால் நல்ல எண்ணம்தான். ஆனால் ஒட்டிய இடத்தில் தீப்புண்ணும் தழும்பும் உண்டாயின என்று பலர் முறையிட்டதால், 2016ஆம் ஆண்டில் விற்பனையை நிறுத்தினார்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பின் நோயாளி தாமே பொத்தானை அழுத்தி வலிநீக்கி மருந்தைப் பெறும் கருவி ஒன்று 2006இல் அனுமதி பெற்றது. அதுவும் இப்போது விற்பனையில் இல்லை. இவற்றைப் படித்தபோது, ஊசி இல்லை என்ற ஒரு சொல்லுக்காகவே எதையும் வாங்கிவிடக்கூடாது என்று எனக்குத் தோன்றியது.

பாட்டிக்கு இன்னொன்றும் சொன்னேன். மருந்தை உள்ளே தள்ளுவதற்கு மாறாக, சர்க்கரையை வெளியே இழுக்க ஒரு முயற்சி நடந்தது. மின்னோட்டம் செல்லும்போது அயனிகளோடு நீரும் சிறிது நகரும். சர்க்கரைக்கு மின்னூட்டம் இல்லாவிட்டாலும், அந்த நீரோடு சேர்ந்து அது தோலுக்கு வெளியே வரும். இதை அடிப்படையாகக் கொண்டு, இரத்தத்தில் உள்ள சர்க்கரை அளவைக் காட்டும் கைக்கடிகாரம் ஒன்று 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கட்டியிருந்த இடம் சிவந்து தடித்தது. அதைவிட வேடிக்கை, கடிகாரம் சரியாகக் காட்டுகிறதா என்று ஒப்பிட்டு அமைக்க விரலைக் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுக்க வேண்டியிருந்தது! சில ஆண்டுகளில் அதுவும் கடைகளில் இல்லாமல் போயிற்று. பாட்டி நெடுநேரம் சிரித்தார்கள்.

அன்று மாலை வழக்கம்போல் இன்சுலின் புட்டியை எடுத்து வைத்தார்கள். பாட்டிக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. மருந்தின் அளவை யாராவது பார்த்து ஏற்றிக் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் என் கையில் சிரிஞ்சு வழுக்கும் என்று அம்மா என்னை விடமாட்டார்கள். அன்று நானே அளந்து ஏற்றி, நானே போட்டுவிட்டேன். "போட்டுட்டியா?" என்று கேட்டார்கள் பாட்டி.